இளவரசி எலோயீஸுக்கு வளைகாப்பு

பிரெஞ்சு அரச குடும்பத்து இளவரசி எலோயீஸ் உண்டாகியிருக்கிறாள் என்பதை முதலில் கண்டு சொன்னவள் கிளிஞ்சல்மேட்டு மீன்காரி பவுனம்பாள். அவள் காரைக்காலில் நெய்னா மரைக்காயரின் ஏலக்கடைக்கு வந்தது ஒரு பித்தளை அண்டாவைப் பார்க்கத்தான். அண்டாவைத் தட்டிப் பார்த்து, கவிழ்த்து அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்திருந்த ஆளுயர எண்ணெய் ஓவியம் அவள் கண்ணில் பட்டது. நீலப் பட்டுக் கவுனும் வெள்ளைப் பொடி தூவிய முடியுமாக நின்றிருந்த அந்தப் பெண்ணை மேலிருந்து கீழ்வரை ஒருமுறையும் கீழிருந்து மேல்வரை ஒருமுறையும் பார்த்துவிட்டு, மீன் விலை சொல்வதைப் போலச் சாதாரணமாக, "இந்தப் பொண்ணுக்கு இது மூணாவது மாசம்" என்றாள்.

மேஜையில் உட்கார்ந்து ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த எஸ்தெல் பேனாவை மூடினாள்.

எஸ்தெல் அருளானந்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து, அது அலுத்துப்போய், பதினான்கு வருடமாக மரைக்காயர் கடையில் ஏலப் பட்டியல் எழுதுகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளையும் உள்ளது உள்ளபடி எழுதுவது அவள் வேலை. நாற்காலியின் ஒரு கால் மாற்றப்பட்டிருந்தால் மாற்றப்பட்டது என்று எழுதுவாள், பீங்கான் தட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் விரலால் தடவிப் பார்த்து விரிசல் என்று எழுதுவாள், அவள் எழுதியதை நம்பிப் பொருளைப் பார்க்காமலே ஏலம் கேட்கிறவர்கள் புதுச்சேரியிலும் சென்னையிலும் இருந்தார்கள். அந்த ஓவியத்தைப் பற்றியும் அவள் கார்த்திகை மாதமே எழுதி முடித்திருந்தாள். துணியில் எண்ணெய் வண்ணம், இருநூற்றைம்பது வருடப் பழசு, இளவரசி எலோயீஸ், வயது சுமார் இருபத்து நான்கு, வலது கையில் அல்லி மலர், இடுப்பு மிக ஒடுக்கம், நல்ல நிலை.

இப்போது எழுந்துபோய்ப் பார்த்தாள். கவுனின் முன்பக்கக் கயிறு இரண்டு கண்ணி தளர்ந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. அல்லி மலரைக் காணோம். அது கீழே பளிங்குத் தரையில் கிடந்தது, வலது கை வந்து வயிற்றின் மேல் அமர்ந்திருந்தது. வண்ணத்தில் தூரிகை பட்ட புதுத் தடம் எதுவும் இல்லை, பழைய மெருகெண்ணெயின் வெடிப்புகள் புது வயிற்றின் மேலும் அதே பழமையோடு ஓடின. எஸ்தெல் மேஜைக்குத் திரும்பி, பட்டியலை எடுத்து, இடுப்பு மிக ஒடுக்கம் என்ற வரியை அடித்துவிட்டு, மூன்றாம் மாதம் என்று எழுதினாள். வேறு எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஓவியம் ஒரு பழைய வியாபாரி வீட்டுச் சொத்து. வாரிசுகள் நான்கு தேசங்களில் இருந்தார்கள், நான்கு பேரும் கையெழுத்துப் போட்ட தாள்கள் வந்து சேர்ந்தால்தான் ஏலம் விடலாம் என்பதால் இளவரசி கடையிலேயே காத்திருந்தாள். காத்திருந்த காலத்தில் ஊர் அவளை எடுத்துக்கொண்டது. ஒரு மாங்கனியை வானம் கொடுத்ததை வருடாவருடம் திருவிழாவாகக் கொண்டாடுகிற ஊருக்கு ஒரு படத்தின் வயிறு பெருப்பது பெரிய அதிசயமாகப் படவில்லை. மசக்கைக்கு என்ன கொடுப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது. பெண்கள் நார்த்தங்காயும் சாம்பலில் சுட்ட அப்பளமும் கொண்டுவந்து ஓவியத்தின் அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அங்கன்வாடி ஆயா சத்துமாவுப் பொட்டலம் கொண்டுவந்தாள். சுகாதாரச் செவிலி ஒரு அட்டையில் எலோயீஸ், வயது இருபத்து நான்கு, முதல் பிரசவம் என்று எழுதி, ஊசி போட்ட தேதிக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, அட்டையைச் சட்டத்தின் மூலையில் செருகினாள். பள்ளிவாசல் இமாம் படம் இருக்கிற அறைக்குள் வரவில்லை, ஆனால் வாசலோடு நின்று பிள்ளைத்தாய்ச்சி நலமா என்று விசாரித்துவிட்டுப் போனார். எலோயீஸ் என்ற பெயர் ஊர் வாயில் எலிசம்மா ஆனது.

தகப்பன் யார் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அதே வீட்டிலிருந்து வந்த இன்னொரு ஓவியம், மீசை முறுக்கிய ஒரு கப்பல் தலைவன், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்ததால் அவன்மேல் சந்தேகம் விழுந்தது. மரைக்காயர் ஒருநாள் அவனைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தார். பவுனம்பாள் மட்டும், அதை அவள் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம், இப்போது வயிற்றுப் புள்ளையைப் பார்ப்போம் என்று சொல்லி அந்தப் பேச்சை அதோடு நிறுத்தினாள்.

எஸ்தெல் தன்னிடமிருந்த பிரெஞ்சு வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினாள். எலோயீஸ் பற்றி அதில் நான்கு வரி இருந்தது. இருபத்து நான்காம் வயதில் திடீரென்று கன்னிமடம் புகுந்தாள், அறுபதாம் வயதில் அங்கேயே இறந்தாள், மணமாகவில்லை, சந்ததி இல்லை. இருபத்து நான்கு என்ற எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு எஸ்தெல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா முடிந்த வெள்ளிக்கிழமை, ஆடி பிறப்பதற்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்று பவுனம்பாள் நாள் குறித்து, எலிசம்மாவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு நடந்தது. மரைக்காயர் கடையை ஒழித்துக்கொடுத்து வாசலில் பந்தலும் போட்டார். திருவிழாவில் மாடிகளிலிருந்து இறைத்த மாம்பழங்களில் தங்கள் மடியில் வந்து விழுந்தவற்றைப் பெண்கள் தின்னாமல் எடுத்துவைத்துக் கொண்டுவந்தார்கள். தேங்காய்ச் சாதம், புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், மரைக்காயர் வீட்டுப் பெண்கள் செய்தனுப்பிய தொதல் அல்வா எல்லாம் வாழையிலையில் பரப்பியிருந்தது. கண்ணாடி வளையல்களைச் சட்டத்தில் ஆணியடித்து மாட்டினார்கள்.

சந்தனம் பூசும் நேரத்தில் யாரோ, பிள்ளை பெற்றவர்கள் முதலில் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். எஸ்தெல் பின்வரிசையில், அலமாரியை ஒட்டி நின்றிருந்தாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவளுடைய வலது கால், அவளைக் கேட்காமலே, ஒரு அடி முன்னால் போனது. போன காலை அவள் உடனே இழுத்துக்கொண்டாள். கூட்டத்தில் அதை யாரும் பார்க்கவில்லை, பவுனம்பாளைத் தவிர.

மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோது ஆணிகள் வெறுமையாக இருந்தன. வளையல்கள் இளவரசியின் இரண்டு கைகளிலும் இருந்தன. எஸ்தெல் எண்ணிப் பார்த்து, கண்ணாடி வளையல், பச்சை பதினொன்று, சிவப்பு பத்து என்று பட்டியலில் சேர்த்தாள்.

அன்று மத்தியானம் மீன் விற்று முடித்த காலிக் கூடையோடு பவுனம்பாள் வந்தாள். மரைக்காயர் தொழுகைக்குப் போயிருந்தார். அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள், ஓவியத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தன நாள் வச்சிருந்த?"

முப்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. பொய் சொல்ல எஸ்தெலுக்கு வாய் வரவில்லை.

"மூணு நாள்" என்றாள்.

"என்ன புள்ள?"

"பொண்ணு."

பவுனம்பாள் தலையை ஆட்டினாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காததாலேயே எஸ்தெல் எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்திரண்டு வயதில், ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு அம்மா அவளைப் புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விட்டதை, அங்கே மாடியறையில் ஐந்து மாதம் ஜன்னலைத் திறக்காமல் இருந்ததை, மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் குழந்தையைக் குளிப்பாட்டக் கொண்டுபோன கைகள் திரும்பி வராததை, பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பதியிடம் குழந்தை போய்விட்டது என்று மறுநாள் சொன்னதை, பெற்றவள் யாரென்று தெரியாத குழந்தை என்று பிரெஞ்சில் எழுதியிருந்த தாளில் சாட்சியாகத் தானே கையெழுத்துப் போட்டதை. அந்தத் தாளில் எழுத்துப்பிழை ஒன்று இருந்தது, அதைத் திருத்திக்கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று கடைசியில் சொன்னாள்.

பவுனம்பாள் எழுந்து, வளைகாப்பில் மிச்சமிருந்த சந்தனக் கிண்ணத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, எஸ்தெலின் இரண்டு கன்னத்திலும் பூசினாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆடி கடைசியில் நான்காவது வாரிசின் கையெழுத்தும் வந்து சேர்ந்தது. ஆவணி இரண்டாம் ஞாயிறு ஏலம் என்று முடிவானது. அதற்கு நான்கு நாள் முன்னால் புதுச்சேரியிலிருந்து நந்தகோபன் வந்தார். கடற்கரைக்குப் பக்கத்தில் பழைய மாளிகை ஒன்றை விடுதியாக நடத்துகிறவர், தாழ்ந்த குரலில் பேசுகிற மரியாதைப்பட்ட மனிதர்; எஸ்தெல் கார்த்திகையில் எழுதிய முதல் பட்டியலைப் படித்துவிட்டு, இந்த ஓவியத்துக்காகவே விடுதியின் முன்கூடத்தில் ஒரு சுவரை வெறுமையாக வைத்திருந்தார். இப்போது ஓவியத்தின் முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"மேடம், வரலாறு சந்ததி இல்லைன்னு சொல்லுது. இதை இப்படியே மாட்டினா போலிச் சரக்குன்னு சொல்லிடுவாங்க. வயிறு பின்னால யாரோ தீட்டினதுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். ஆள் வச்சு மேல இருக்கிறத மட்டும் சுரண்டி எடுத்துடலாம். அடியில பழைய இடுப்பு அப்படியே இருக்கும்."

அவர் கேட்டதில் வஞ்சகம் இல்லை என்பது எஸ்தெலுக்குத் தெரிந்தது. அவரைப் பொறுத்தவரை அது வண்ணம், அவ்வளவுதான். ஏலத்தன்று சொல்கிறேன் என்றாள். அவர் போன பிறகு மரைக்காயர் அவளிடம், வேறு பெரிய கேட்பாளர் யாரும் இல்லை, வாரிசுகள் அவசரப்படுத்துகிறார்கள், ஆனாலும் நீ எழுதுவதுதான் இந்தக் கடையின் வாக்கு, அதில் நான் தலையிட மாட்டேன் என்றார். அந்த நான்கு நாளும் எஸ்தெல் வேறு எந்தப் பொருளைப் பற்றியும் எழுதவில்லை. ஒரு வரிதான் கேட்கிறார்கள் என்று நினைப்பாள். அன்றைக்கும் ஒரு வரிதான் கேட்டார்கள் என்று நினைத்துக்கொள்வாள். இளவரசியின் கையில் வளையல்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, வீங்கிய முன்கையில் இறுகிக்கொண்டிருந்தன.

ஏலத்தன்று கடையில் உட்கார இடமில்லை. கிளிஞ்சல்மேட்டுப் பெண்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், நந்தகோபன் நடுவில் நாற்காலியில் இருந்தார். கடிகாரம் போனது, அலமாரி போனது, கப்பல் தலைவன் நாகப்பட்டினத்து மருத்துவர் ஒருவருக்குப் போனான். இளவரசியின் முறை வந்தபோது எஸ்தெல் மேஜையை விட்டு எழுந்து, மரைக்காயரை அண்ணன் முறையில் "நானா" என்று கூப்பிட்டு, இதை நானே படிக்கிறேன் என்று கேட்டு ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள். பதினான்கு வருடத்தில் அவள் அதைக் கையில் பிடித்ததில்லை.

துணியில் எண்ணெய் வண்ணம் என்று தொடங்கி எழுதியிருந்ததை எல்லாம் நிதானமாகப் படித்தாள். வளையல்கள் வரை படித்தாள். பிறகு தாளை மடித்துக்கொண்டாள்.

"வயிறு பின்னால யாரும் சேர்த்தது இல்ல. ஒன்பது மாசமா தினமும் பார்க்கிறேன், நான் சாட்சி. புத்தகத்துல சந்ததி இல்லன்னு எழுதியிருக்கு. காகிதத்துல அப்படித்தான் எழுதியிருக்கும். என்னோட காகிதத்துலயும் அப்படித்தான் இருக்கு. எனக்கு இருபத்திரண்டு வயசுல ஒரு பொண்ணு பொறந்தா. மூணு நாள் எங்கிட்ட இருந்தா. பெத்தவ யாருன்னு தெரியாதுன்னு எழுதின தாள்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு தடவ அப்படிப் போட மாட்டேன்."

எஸ்தெல் ஒலிபெருக்கியை மேஜையில் வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். ஊர் தன்னைப் பார்க்கும் என்று முப்பது வருடமாக அவள் பயந்துகொண்டிருந்த பார்வை அங்கே எங்கே இருக்கிறது என்று தேடினாள். முன்வரிசைப் பெண்களில் ஒருத்தி கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் தரையைத் தட்டிக்காட்டினாள். எஸ்தெல் போய் அங்கே உட்கார்ந்தாள்.

மரைக்காயர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரக்க உள்ளபடி சொல்லியாச்சு. கேக்குறவங்க கேக்கலாம்" என்றார்.

யாரும் கேட்கவில்லை. மரைக்காயர் இரண்டாம் முறை கேட்டார். அப்போது நந்தகோபன் எழுந்தார், ஓவியத்துக்குப் பக்கத்தில் போய் அந்த இறுகிய வளையல்களைப் பார்த்தார், பிறகு இடத்துக்குத் திரும்பாமல் அங்கே நின்றபடியே கையைத் தூக்கினார். உள்ளபடியே எடுத்துக்கொள்கிறேன், சுரண்ட மாட்டேன், வண்ணம்தானே என்று நினைத்துக் கேட்டுவிட்டேன் என்றார். அவரை மிஞ்சிக் கேட்க ஒருவரும் இல்லை. மரைக்காயர் மூன்று தரம் சொல்லிக் கட்டையைத் தட்டினார்.

தட்டிய பிறகு பவுனம்பாள் எழுந்தாள். ஒன்பதாம் மாதத்தில் பெண்ணை வண்டியில் ஏற்றி அனுப்ப முடியாது, வளையல் போட்ட பிறகு பிரசவம் தாய்வீட்டில்தான், வளையல் போட்டது நாங்கள், அதனால் தாய்வீடு காரைக்கால்தான், குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம் முறைப்படி வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்றாள். நந்தகோபன் மரைக்காயரைப் பார்த்தார். மரைக்காயர், எங்கள் வழக்கமும் அதுதான் என்றார். அப்படியானால் தை மாதம் வருகிறேன் என்று ஒப்புக்கொண்ட நந்தகோபன், வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனார்.

புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி வாக்கில் இளவரசியின் நெற்றியில் வியர்வை தெரிந்தது. மரைக்காயர் ஆண்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, கடைவாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஓவியத்துக்கு முன்னால் ஒரு புடவையைத் திரையாகப் பிடித்தார்கள். ஒரு முனையை எஸ்தெல் பிடித்துக்கொண்டாள். பவுனம்பாள் திரைக்கு உள்ளே போனாள். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை, ஓவியத்துக்கு ஏது சத்தம். ஆனால் ஆளிவிதை எண்ணெயின் வாசம் மட்டும், அப்போதுதான் யாரோ தீட்டத் தொடங்கியதைப் போலப் பச்சையாக, அறை முழுவதும் நிறைந்தது. எஸ்தெலின் கை மரத்துப்போனது. மாற்றிப் பிடிக்கிறேன் என்று வந்தவளிடம் அவள் முனையைக் கொடுக்கவில்லை.

மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்ததும் பவுனம்பாள் திரையை இறக்கச் சொன்னாள். படத்தில் அதுவரை இல்லாத ஒரு நாற்காலியில் இளவரசி சாய்ந்திருந்தாள். முடியில் இருந்த பொடி எல்லாம் போய், சாதாரணப் பழுப்பு முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. அவள் மடியில், நீலப் பட்டில் கிழித்த துண்டில் சுற்றி, கையை மூடிக்கொண்டு ஒரு குழந்தை தூங்கியது.

"பொம்பளப் புள்ள" என்றாள் பவுனம்பாள்.

எஸ்தெல் அன்று பட்டியலில் எதுவும் எழுதவில்லை. மறுநாள் வந்து பார்த்தாள், குழந்தை இருந்தது. மூன்றாம் நாள் மூன்றரை மணிக்கே வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஓவியத்துக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மரைக்காயர் தேநீர் கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது. நாலு மணி ஆனது. நாலரை ஆனது. ஐந்து மணிக்கு மரைக்காயர் கடையைப் பூட்ட வந்தவர், அவளைப் பார்த்துவிட்டு, பூட்டாமல் சாவிக்கொத்தை அவள் மடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இருட்டுவதற்கு முன்னால் அவளே பூட்டிக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் காலையில் அவளே வந்து திறந்தாள். குழந்தை இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டு, தாயின் வளையல்களைப் பார்த்துக்கொண்டு, அதே மடியில் இருந்தது.

எஸ்தெல் கதவை மறுபடி சாத்திப் பூட்டி, சாவியை மரைக்காயர் வீட்டில் கொடுத்துவிட்டு, புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினாள். அந்த இல்லம் இப்போது பாதி பள்ளிக்கூடமாக மாறியிருந்தது, மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அலுவலகத்தில் இருந்த இளம் கன்னியாஸ்திரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. எஸ்தெல் வருடத்தையும் மாதத்தையும் தேதியையும் சொல்லி, பிரெஞ்சில் எழுதிய தாள் ஒன்று இருக்கும் என்றாள். அலமாரியைத் திறந்து தேடி, பழுத்து மஞ்சளித்த உறை ஒன்றை எடுத்துவந்த சிஸ்டர், அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை, ஆனால் அவள் என்றைக்காவது தேடிக்கொண்டு வந்தால் இந்த உறையைத்தான் முதலில் கொடுப்போம், இதில் நீங்கள் ஏதாவது சேர்க்கலாம் என்றாள். வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தாள்.

எஸ்தெல் தன் பெயரை எழுதினாள். ஊரை எழுதினாள், தொலைபேசி எண்ணை எழுதினாள். அதற்குமேல், ஊரிலிருந்த நாற்காலிகளையும் கடிகாரங்களையும் எல்லாம் எழுதிய கை, எழுத மாட்டேன் என்று நின்றுவிட்டது. சிஸ்டர் காத்திருந்தாள். வெளியே பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, குழந்தைகள் படியிறங்கி ஓடினார்கள்.

நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன், என்ன சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கேன்னு எழுதுங்க சிஸ்டர்" என்றாள் எஸ்தெல். "அது போதும்."